குள்ளர் வீட்டுக்குப் பக்கத்து மனை

மாதத்தின் இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை கள்ளக்குறிச்சியில் நாங்கள் சிலர் புத்தகம் பேசக் கூடுவோம். 2025 பிப்ரவரிக் கூட்டத்தில் பேசும் முறை எனக்கு வந்தது. பழைய நாகரிகங்கள் ஏன் வீழ்ந்தன என்ற விஷயத்தை எடுத்துக்கொண்டேன். அதைப் பற்றிப் பல வருடங்களாகப் படித்துவருகிறேன்.

நான் கிராம சுகாதாரச் செவிலியர். தேதியோடு குடித்தனம் நடத்துகிற வேலை. கடைசியாகத் தலைக்குக் குளித்த தேதி, பிரசவத் தேதி, ஊசித் தேதி என்று யார் எதைச் சொன்னாலும் முதலில் "எப்போ?" என்றுதான் கேட்பேன். படிப்பதிலும் அதே பழக்கம் ஒட்டிக்கொண்டது. ஒரு நகரம் அழிந்தது என்று எழுதியிருந்தால் எந்த ஆண்டு, எத்தனை தலைமுறைக்குள் என்று தேடிப்போவேன். தேடத் தேட ஒரு விஷயம் தெளிவானது. அழிந்தது என்று ஒரே சொல்லில் எழுதப்பட்டவற்றில் பெரும்பாலானவை ஒரே நாளில் நடக்கவில்லை.

சிந்துவெளியில் மழை மெல்ல ஒதுங்கியது, ஆறுகள் மெலிந்தன. சனங்கள் பெரிய ஊர்களை விட்டுக் கிழக்கே சின்னச் சின்ன ஊர்களாகப் பிரிந்துபோனார்கள். மெசபடோமியாவில் வாய்க்கால் தண்ணீரே நிலத்தில் உப்பை ஏற்றியது. கோதுமை வராத இடத்தில் வாற்கோதுமை போட்டார்கள், பிறகு அதுவும் குறைந்தது. மாயா நாட்டில் வறட்சி மேல் வறட்சி வந்து தெற்குப் பக்கத்து நகரங்கள் காலியாயின. ஆனால் அந்த மொழிகளைப் பேசுகிறவர்கள் இன்றும் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள், சோளம் விதைக்கிறார்கள். அரண்மனைதான் விழுந்தது. அரண்மனைக்குச் சோளம் கொடுத்தவன் விழவில்லை. இப்படிப் பேசி முடித்தபோது எனக்கே திருப்தியாக இருந்தது.

நைனார்பாளையத்திலிருந்து வரும் உரக்கடைக்காரர் ஒருவர் கையைத் தூக்கினார். "எல்லாம் சரிங்க மேடம். நம்ம பக்கம் விழறதுக்குன்னு இன்னா இருந்துது? கரும்பும் மரவள்ளியும்தான கீது?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் விடவில்லை. கல்வராயன் மலையில் இரும்புக் காலத்துக் கல்திட்டைகள் இருக்கின்றன என்றேன். பலகை பலகையாகக் கல் நிறுத்தி, மேலே பெரிய கல் மூடி, ஒரு பக்கம் வட்டமாகத் துளையிட்டு, இறந்தவர்களுக்காகக் கட்டியவை. இரண்டாயிரம், இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டு என்று சொல்லிவந்தார்கள். இப்போது வரும் ஆராய்ச்சிகள் இன்னும் பின்னுக்குத் தள்ளுகின்றன.

"அது குள்ளர் வூடுதான?" என்றார் அவர். "சாண் உயரத்து ஆளுங்க கட்டுனதுன்னு சொல்வாங்களே."

அவர் சொன்னதில் பேர் மட்டும் சரி. மலையில் எல்லோரும் அதைக் குள்ளர் வீடு என்றுதான் சொல்கிறார்கள். கதவு அத்தனை சிறியதாக இருந்தால் ஆளும் சிறியவன்தானே.

அதற்கு அடுத்த வியாழக்கிழமை மலையிலிருந்து போன் வந்தது.

2008 முதல் 2017 வரை எனக்கு வெள்ளிமலைப் பக்கம்தான் வேலை. அப்போது குக்கிராமங்களுக்கு என்னோடு நடந்து வந்தவள்தான் போனில் பேசியவள். கர்ப்பிணிகள் இருக்கிற வீட்டை முன்கூட்டியே விசாரித்து வைப்பாள். சாமையும் மரவள்ளியும் போடுகிற குடும்பம். என்னைவிட நான்கு வயது சின்னவள், என்னை அக்கா என்பாள். நான் கீழே மாற்றலாகி வந்த பிறகும் போன் நிற்கவில்லை.

"யக்கா, வூடு கை விட்டுப் போய்டும் போலருக்குது" என்றாள்.

விஷயம் இதுதான். முந்தின ஐப்பசி மழையில் அவர்களுடைய மண்சுவர் வீடு பக்கவாட்டில் சரிந்துவிட்டது. அன்றிலிருந்து அவள், புருஷன், மாமியார், பத்தாவது படிக்கிற மகள் நான்கு பேரும் ஆட்டுக் கொட்டகையில் தார்பாய் கட்டிக் குடியிருந்தார்கள். அரசாங்க வீடு அவள் பேருக்கு வந்திருந்தது. மார்ச் முடிவதற்குள் அஸ்திவாரம் போட்டுக் காட்ட வேண்டும். இல்லையென்றால் வரிசையில் அடுத்து இருப்பவருக்குப் போய்விடும். அவர்கள் நிலத்தில் சரிவில்லாத சமதளம் ஒன்றே ஒன்றுதான். அது குள்ளர் வீட்டுக்குப் பக்கத்தில் இருந்தது. அதில் கட்டுவதென்று முடிவாகி, மாமியாரும் சம்மதித்து, எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. இடம் பார்க்க வந்த ஓவர்சியர் கல்திட்டையைப் பார்த்துவிட்டு, "இது வூடு இல்லீங்க, சமாதி. பேப்பர்ல போட்டிருந்தான்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மாமியார் அன்று மாலையே சொல்லிவிட்டாளாம். சமாதிக்குப் பக்கத்தில் அடுப்பு பற்றவைக்க மாட்டேன், கொட்டகையிலேயே இருந்து சாகிறேன் என்று.

"நீங்க ஏறி வாங்கக்கா. அத்த உங்க பேச்சத்தான் கேக்கும். அது சமாதி இல்லன்னு ஒரு வார்த்த சொல்லிட்டுப் போங்க. போதும்."

எனக்குச் சங்கடமாகப் போயிற்று. அது சமாதிதான் என்று எனக்குத் தெரியும். நான்கு நாள் முன்புதான் முப்பது பேருக்கு முன்னால் அதைச் சொல்லியிருந்தேன். மாமியார் என் பேச்சைக் கேட்பதற்குக் காரணமே நான் உள்ளதைச் சொல்வதுதான். அவள் கணவர் காசநோயில் படுத்திருந்தபோது ஊரே தைரியம் சொல்லிக்கொண்டிருந்தது. நான் ஒருத்திதான் அவளை வெளியே கூப்பிட்டு, இனித் தேறுவது கஷ்டம் என்று சொன்னேன். அதனால் மகள் வயிற்றுப் பேத்தியை வெளியூர் விடுதியிலிருந்து வரவழைத்து, அவர் கண்மூடும் முன் காட்ட முடிந்தது. அதற்குப் பிறகு நான் சொன்னால் அவளுக்கு அது முடிந்த பேச்சு.

சனிக்கிழமை காலை வெள்ளிமலை பஸ் ஏறினேன்.

மலைப்பாதையில் பஸ் திரும்பத் திரும்ப, "அழிந்தது" என்ற சொல்லையே நினைத்துக்கொண்டிருந்தேன். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் கள்ளச்சாராயம் குடித்துச் சாவு விழுந்தபோது, அந்தப் பகுதியே அழிந்தது என்று தொலைக்காட்சியில் யாரோ சொன்னார்கள். தெருத் தெருவாகப் பந்தல் நின்ற நாட்கள் அவை, அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் எனக்கு அங்கே புதன்கிழமை வேலை இருந்தது. புதன்கிழமை தடுப்பூசி. பெட்டியை எடுத்துக்கொண்டு, யார் வரப்போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டே போய் உட்கார்ந்தேன். வந்தார்கள். தாலி இல்லாத கழுத்தோடு ஒருத்தி, மச்சான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஒருத்தி. "ஒன்பதாம் மாச ஊசி தள்ளிப்போச்சுன்னா பரவால்லையா நர்சம்மா?" என்று கேட்டார்கள். அந்த ஊரில் வேலை பார்ப்பவள் என்று சொல்லிக்கொள்ள எனக்கு அன்று வந்த பெருமை வேறெப்போதும் வந்ததில்லை. தூரத்திலிருந்து பார்க்கிறவருக்கு அழிவு தெரிகிறது. பக்கத்தில் இருப்பவருக்கு ஊசித் தேதி தெரிகிறது.

வெள்ளிமலையில் அவள் புருஷன் பைக்கோடு நின்றிருந்தான். நல்ல வேலைக்காரன். பேச்சு மட்டும் எப்போதும் குதர்க்கம்.

"வாங்கக்கா. தீர்ப்பு சொல்ல ஜட்ஜம்மா வந்துட்டாங்க."

"உங்க அம்மா எப்படி இருக்காங்க?"

"குள்ளருங்க மேல கோவமா கீறாங்க. இத்தினி வருசம் வூடுன்னு சொல்லி ஏமாத்திட்டாங்களாம்."

இடத்தைப் பார்த்தேன். மேற்கே பள்ளத்தில் சாமை அறுத்த கொல்லை, மேலே மரவள்ளி. நடுவில் ஒரு களம் அளவுக்குச் சமதளம். அதன் ஓரத்தில் கல்திட்டை. மூன்று பலகைக் கற்கள் நேராக, ஒன்று லேசாகச் சாய்ந்து. மேலே மூடுகல், ஓரம் செதுக்கியது, பத்து ஆள் சேர்ந்தாலும் அசைக்க முடியாதது. கிழக்குப் பலகையில் தலை நுழையும் அளவுக்கு வட்டத் துளை. காம்பஸ் வைத்து வரைந்ததுபோல இருந்தது. பலகைக்கல்லில் விரிசல் விழாமல் அப்படி ஒரு வட்டம் எடுப்பதற்கு எத்தனை பொறுமை வேண்டும். எங்கள் மாவட்டத்துக்கு 2019இல்தான் தனிப் பெயர் வந்தது. இங்கே கை வேலை அதற்கும் எவ்வளவோ முன்னால் வந்துவிட்டது.

மாமியார் கொட்டகை வாசலில் கால் நீட்டி உட்கார்ந்து துவரை உடைத்துக்கொண்டிருந்தாள்.

"வா நர்சம்மா. டீ குடிச்சியா? இவ உன்ன எதுக்குக் கூப்ட்டான்னு எனக்குத் தெரியும். உக்காரு."

உட்கார்ந்தேன். மருமகள் டீயை என் கையில் கொடுத்துவிட்டு என் முகத்தையே பார்த்தாள்.

"மொதல்ல நான் சொல்றத கேளு" என்றாள் மாமியார். "எங்க மாமனார் சொன்னது. குள்ளருங்க சாண் ஒசரம்தான், ஆனா யான பலம். ஒரு நாள் வானத்துலேர்ந்து நெருப்பு மழ பேயப்போவுதுன்னு அவங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு. ஓலை வூடு எரிஞ்சுடும்னு கல்லுல வூடு கட்டி உள்ள பூந்துக்கினாங்க. நெருப்பு மழ வந்துது. கல்லு காஞ்சுது. உள்ளயே வெந்து பூண்டோட அழிஞ்சாங்க. இதத்தான் நான் இதுவரைக்கும் நம்பினேன். வூடு காலியா கீதுன்னு நெனச்சேன். பக்கத்துல கட்டிக்கலாம்னேன். இப்ப அந்த ஓவர்சியரு சமாதின்றான். நீ சொல்லு. வூடா, சமாதியா?"

மருமகள் அடுப்புக்குள் விறகைத் தள்ளுவதுபோல் குனிந்துகொண்டாள். அவளுக்கு நான் என்ன சொல்ல வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். தார்பாய்க்குப் பின்னால் மகளின் பள்ளிப் பையும் ஆட்டுப் புழுக்கையும் ஒன்றாகக் கிடந்தன.

"சமாதிதான் பெரியம்மா" என்றேன்.

மருமகள் நிமிரவில்லை.

"ஆனா ஓவர்சியர் பாதிதான் சொல்லியிருக்கார். மிச்சத்தையும் கேட்டுடுங்க. அவங்க குள்ளர் இல்ல. உங்கள மாதிரி, என்ன மாதிரி உயரம்தான். செத்தவங்க எலும்ப எடுத்து இதுக்குள்ள வச்சாங்க. உயிரோட இருந்தவங்க இருந்தது மண்ணும் புல்லும் வச்ச வீடு. ஐப்பசியில விழுந்துதே உங்க வீடு, அந்த மாதிரி. அது மக்கிப்போச்சு. செத்தவங்களுக்குக் கட்டுனதுதான் நிக்குது."

"தனக்கு மண்ணு, செத்தவனுக்குக் கல்லா?"

"ஆமா."

"நல்ல ஆளுங்கதான்" என்றாள் கிழவி. கொஞ்ச நேரம் துவரை உடைத்தாள். "அப்ப நெருப்பு மழ?"

"பேயல."

"எம்மா" என்றான் மகன், "சின்னதுலேர்ந்து மேகம் செவந்தாலே என்னக் கட்டிலுக்கு அடில தள்ளுவியே. அதெல்லாம் சும்மாவா?"

"வாய மூடிக்கினு இருடா. அதனாலதான் நீ மழையில நனையாம வளந்த." என் பக்கம் திரும்பினாள். "நெருப்பு மழ இல்லன்னா எப்புடி அழிஞ்சாங்க?"

இதே கேள்விக்கு நான் ஒரு மணி நேரம் பதில் சொல்லியிருந்தேன், நாற்காலி போட்ட கூட்டத்தில். உப்பு, வறட்சி, வியாபாரம் நின்றது, நோய் என்று எல்லாம் சொன்னேன். இங்கே அது எதுவும் வாயில் வரவில்லை. ஏனென்றால் இந்த மலையில் அப்படி ஒரு அழிவு நடந்ததற்கு நான் எந்தச் சான்றையும் படித்ததில்லை.

"அழிஞ்சாங்கன்னு யாருக்கும் தெரியாது பெரியம்மா. ஒரு காலத்துக்கு மேல இந்த மாதிரி கல் நிறுத்துறத விட்டுட்டாங்க. அவ்ளோதான் தெரியும். பழக்கம் நின்னுபோச்சுன்னா ஆளும் நின்னுபோச்சுன்னு அர்த்தமா? உங்க கல்யாணத்துக்கு மூணு நாள் விருந்துன்னு சொல்வீங்க. உங்க மருமக கல்யாணம் ஒரே நாள். நீங்க யாரும் அழியலியே."

"அதுக்கு இவ அப்பன் கஞ்சத்தனம் காரணம்" என்றாள் மாமியார்.

"எங்க அப்பாவ எதுக்கு இழுக்கற அத்த" என்று மருமகள் முதல் தடவையாகப் பேசினாள். குரலில் அழுகை இருந்தாலும் சண்டைக்கு வந்தது எனக்குத் தெம்பாக இருந்தது.

"சரி, இருந்தாங்கன்னே வையி. அவங்க எங்களுக்கு யாரு? எங்க ஆளுங்க காஞ்சிபுரத்துலேர்ந்து வந்தவங்க. மூணு அண்ணன் தம்பிங்க. துப்பாக்கி, நாயி எல்லாம் கூட்டிக்கினு ஏறுனவங்க. இந்தக் கல்லுக்காரங்க வேற. வேத்து ஆளு பொணத்துக்குப் பக்கத்துல நான் எதுக்குக் குடியிருக்கணும்? காரியம் பண்ண ஆள் இல்லாத பொணம் சும்மா இருக்காது."

அவள் பயம் இப்போது எனக்கு விளங்கியது. சமாதி என்பது அல்ல விஷயம். யாரும் இல்லாதவன் சமாதி என்பதுதான்.

"மூணு பேரும் தனியா வந்தாங்களா, பொண்டாட்டியோடயா?" என்று கேட்டேன். இதுவும் தொழில் பழக்கம்தான். குடும்ப விவரம் எழுதும்போது தாய் பெயர் எழுதாமல் நான் அடுத்த வரிக்குப் போனதில்லை.

"ஆம்பளைங்கதான் வந்தாங்க. பொண்ணு இங்கதான் கட்டிக்கினாங்க. மலைல இருந்த பொண்ணுங்கள."

சொல்லிவிட்டு அவளே நிறுத்தினாள்.

மருமகள் விறகை விட்டுவிட்டு எழுந்தாள். "அத்த. அப்ப அந்தப் பொண்ணுங்களோட ஆத்தா அப்பன் எங்க கீறாங்க?"

அவள் கல்திட்டையைப் பார்த்தாள். பிறகு என்னிடம் திரும்பி, நான் ஒன்பது வருடம் மலையில் இருந்தும் கேள்விப்படாத ஒன்றைச் சொன்னாள். "யக்கா, சாமை அறுத்தா மொதல் கைப்பிடிய இந்த ஓட்டைக்குள்ள போடுவோம். பொம்பளைங்கதான் போடுவோம். ஆம்பளைங்க தொடக் கூடாது. அது ஏன் அத்த?"

"ஏன்னு எனக்கு இன்னா தெரியும்? எங்க மாமியார் போட்டாங்க, நான் போட்டேன், நீ போடற."

"ஆம்பளைங்க ஏன் போடக் கூடாது?"

"அது ஆம்பளைங்க வூடு இல்ல, அதான்" என்றான் புருஷன், கிண்டலாக. பிறகு தான் சொன்னது தன் காதிலேயே விழுந்ததுபோல் வாயை மூடிக்கொண்டான்.

நான் பதிவேடு எழுதுகிறவள். ஒரு வழக்கத்தை வைத்து வம்சம் நிறுவ முடியாது என்று எனக்குத் தெரியும். மூன்று அண்ணன் தம்பிகளுக்கும் இந்தக் கற்களுக்கும் நடுவில் நூற்றாண்டுகள் பல கிடக்கின்றன. இடையில் யார் யார் ஏறினார்கள், இறங்கினார்கள் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. இதைக் கட்டுரையாக எழுதினால் எத்தனை "இருக்கலாம்" போட வேண்டியிருக்கும் என்று எனக்குத் தெரியும். அவர்களிடமும் அதை மறைக்கவில்லை.

"உறுதியாச் சொல்ல முடியாது பெரியம்மா. இருக்கலாம், அவ்ளோதான்."

"உனக்கு உறுதி வேணும். எனக்கு எதுக்கு?" என்றாள். "வருசா வருசம் சோறு போட்டுக்கினு கீறோம். அத விட இன்னா காரியம் வேணும்?" முறத்தைக் கீழே வைத்தாள். முட்டியில் கை ஊன்றி எழுந்து, கல்திட்டையின் முன்னால் போய் நின்றாள். கும்பிடவில்லை. சம்பந்தி வீட்டு வாசலில் நிற்பதுபோல் இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"இந்தாமே" என்று மருமகளைக் கூப்பிட்டாள். "நம்ம கூரத் தண்ணி இது மேல சொட்டக் கூடாது. நம்ம வாசப்படி இந்த ஓட்டைக்கு நேரா வரக் கூடாது. இது ரெண்டும் சரின்னா கட்டு. சரின்னு அந்த ஓவர்சியருக்குப் போன் போடு. போட்டு, பாதிப் பேச்சு பேசிட்டுப் போகக் கூடாதுன்னு நான் சொன்னேன்னு சொல்லு."

மருமகள் போன் போடவில்லை. அங்கேயே மண்ணில் உட்கார்ந்து அழுதாள். புருஷன் அவளைப் பார்த்து, "வூடு இல்லன்னாலும் அழற, வூடு வந்தாலும் அழற" என்றான். ஆனால் அவனும் முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டுதான் இருந்தான்.

ஒரு கல்லையும் அசைக்கக் கூடாது, அது சட்டம் என்று நான் கண்டிப்பாகச் சொல்லிவிட்டு இறங்கினேன். தொல்லியல் தெரிந்தவர்களுக்கும் தகவல் சொன்னேன். ஒருவர் ஏறி வந்து பார்த்து, எவ்வளவு தள்ளிக் கட்ட வேண்டும் என்று கயிறு கட்டிக் காட்டினார். அதனால் சமதளத்தில் பாதி போயிற்று. மாமியார் கவலைப்படவில்லை. மகனை விட்டு மேல் சரிவை வெட்டிச் சமப்படுத்த வைத்தாள். அவனும் மச்சான்மார் இரண்டு பேரும் மார்ச் வெயிலில் கடப்பாரை போட்டார்கள். மாதம் முடிவதற்குள் அஸ்திவாரம் எழும்பிவிட்டது. எனக்கு வாட்ஸ்அப்பில் படம் வந்தபோது, தேதியைத்தான் முதலில் பார்த்தேன்.

ஆவணியில் வீடு முடிந்தது. குடிபோகும் அன்று போயிருந்தேன். நீல வண்ணம் அடித்த சுவர், இரும்புச் சன்னல், மகளுக்குப் படிக்க ஒரு மூலை. பழைய வீட்டின் மரக்கதவைச் செதுக்கிச் சமையல் அறைக்குப் போட்டிருந்தார்கள். கீழே இருக்கும் உறவுகள் எல்லாம் ஜீப் பிடித்து வந்திருந்தன. வீடு முடிந்ததென்று அரசாங்கத்துக்கு அனுப்பக் கடைசிப் படம் எடுக்க ஓவர்சியரும் வந்திருந்தார். சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று அவருக்கும் இலை போட்டாகிவிட்டது. பழைய கோபம் ஒன்றும் இல்லை.

அவர் போனைத் தூக்கிப் பிடித்து, மருமகளையும் மாமியாரையும் வாசலில் நிறுத்தினார். அந்தக் கோணத்தில் கல்திட்டையின் மூடுகல் பக்கத்தில் பெரிதாகத் தெரிந்தது.

"ஆயா, கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளுங்க. அந்தக் கல்லு படத்துல விழாம எடுத்துக்கறேன். வூடு மட்டும் வந்தாப் போதும்."

கிழவி நகரவில்லை. பட்டுப்புடவை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"ரெண்டு வூடும் வரட்டும்."

"ஸ்கீம்ல ஒரு வூடுதான் ஆயா."

"அது ஸ்கீம் இல்லாம கட்டுனது. புடி."

அவர் சிரித்துக்கொண்டே பின்னால் நடந்தார். நடந்து நடந்து சாமைக் கொல்லைக்குள் இறங்கி, முழங்கால் உயரப் பயிருக்கு நடுவில் நின்று, இரண்டும் முழுசாகத் தெரியும்படி எடுத்தார்.